லாபம் கண்ட பல்லுக்காரர்

கூடத்தில் மணி அடித்தால் எல்லோரும் எழுந்து கைதட்ட வேண்டும் என்பது விதி. கழிவறையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்களும் வெளியே வந்தவுடன் மணியடித்தவரைத் தேடிப்போய்த் தனியாகக் கைதட்டிவிட்டு வர வேண்டும் என்று அண்மையில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

செய்தித்தாள்கள் இந்த இடத்தை அடைகாப்பகம் என்று எழுதும். ஸ்டார்ட்அப் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு மேசை, இணையம், ஆலோசனை எல்லாம் கொடுத்து அவர்களுடைய யோசனைகளைக் குஞ்சு பொரிக்க வைப்பது நோக்கம். குஞ்சுகள் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முட்டைகளின் எண்ணிக்கை மட்டும் ஆண்டறிக்கையில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்கள் சுருக்கமாகக் கூடம் என்பார்கள். கண்ணாடித் தடுப்புகள், தலைக்குமேல் மூடாமல் விடப்பட்ட குழாய்கள், மூட்டை மாதிரியான இருக்கைகள். அந்த மூட்டைகளில் உட்கார்ந்தவர் யாராலும் மரியாதையாக எழுந்திருக்க முடியாது. மணி அடித்தவுடன் அத்தனை பேரும் ஒரு பக்கமாக உருண்டு, கையை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்கக் கைதட்டுவார்கள்.

மணி நடுமேடையில் தொங்கியது. பெரிய பித்தளை மணி. முதலீடு கிடைத்த கம்பெனியின் நிறுவனர்தான் அதன் கயிற்றை இழுக்கலாம். பொருளை விற்றவர்கள் இழுக்கக் கூடாது. விற்பனைக்கும் மணியடிக்கத் தொடங்கினால் மணிக்கு என்ன மதிப்பு என்று நிர்வாகம் கேட்டிருந்தது.

அன்று கயிற்றை இழுத்தவர் பல்லுக்காரரின் சகலை. இழுப்பது மூன்றாவது முறை.

பல்லுக்காரர் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்காக ஒரு சின்ன ஆப் செய்து வைத்திருந்தார். நாளை உங்களுக்குப் பல் பிடுங்குகிற நாள் என்று நோயாளிக்கு முந்தின நாளே அது செய்தி அனுப்பும். வரமுடியாது என்று நோயாளி பதில் போட்டால் அந்த நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான். டாக்டர்கள் மாதாமாதம் பணம் கட்டினார்கள். செலவு போக மிச்சமும் இருந்தது. அதனால்தான் கூடத்தில் அவரைப் பல்லுக்காரர் என்றார்கள். அந்தப் பெயரில் அன்பும் இருந்தது. எல்லோரும் காரில் வந்திருக்கும் இடத்துக்கு ஒருவர் மட்டும் சைக்கிளில் வந்தால் அவரிடம் காட்டுவார்களே, அந்த அன்பு.

சகலை மேடையில் மைக்கைக் கையில் வாங்கினார். கழுத்துப்பட்டை இல்லாத கறுப்புச் சட்டை, தூங்கி எழுந்ததுபோல் கவனமாகக் கலைத்துவிடப்பட்ட தலைமுடி.

"உங்ககிட்ட ப்ராடக்ட் இருக்கான்னு கேக்கறாங்க," என்றார். "இல்ல. நான் ஒளிவுமறைவில்லாம சொல்றேன். ப்ராடக்ட் வந்துட்டா அதுக்கு ஒரு எல்லையும் வந்துடும். இது இவ்வளவுதான்னு ஜனங்க பாத்துடுவாங்க. என் முதல் கம்பெனியில ப்ராடக்ட் பண்ணோம். அது மூடறதுல போய் முடிஞ்சுது. ரெண்டாவது கம்பெனியில அந்த மூடற அனுபவத்தையே மூலதனமா வச்சோம். இந்தத் தடவை எந்தத் தப்பும் பண்ணப்போறதில்ல. எதுவுமே பண்ணப்போறதில்ல."

கூடம் எழுந்து நின்றது. பல்லுக்காரரும் மூட்டையிலிருந்து உருண்டு எழுந்து தட்டினார். உள்ளங்கை சிவக்கத் தட்டினார். அப்போது எதிரே தூணோரம் நின்றிருந்த மகிழ்ச்சி அலுவலர் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

பிறர் வெற்றியில் நிறுவனர்கள் மகிழ்கிறார்களா என்று கண்காணிப்பதற்காகவே நியமிக்கப்பட்டவர் அந்த அம்மாள். மகிழ்ச்சிக்கு மாத மதிப்பெண் உண்டு. மறுநாளே அழைப்பு வந்தது.

"நல்லா தட்டறீங்க சார். சத்தம் நல்லா வருது. ஆனா கண்ணு தட்டல," என்றார் அலுவலர்.

"கண்ணு எப்படிங்க தட்டும்?"

"அதைத்தான் பயிற்சியில சொல்லித் தர்றோம். கண்ணாடி முன்னாடி நிக்க வைப்போம். உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர் ஜெயிச்சதா நினைச்சுக்கணும்."

"மணியடிச்சவர் என் சகலைங்க."

அலுவலர் பேனாவை எடுத்தார். "அப்ப உங்களுக்கு ரெண்டு வகுப்பா போடறேன்."

பல்லுக்காரர் பயிற்சிக்குப் போனார். கண்ணாடி முன்னால் நின்று, தனக்குப் பிடித்த ஒருவர் ஜெயிப்பதாக நினைத்துப் பார்த்தார். தன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் தன்னை நினைத்துத் தட்டியபோது கண்ணும் சேர்ந்தே தட்டியது. பயிற்சியாளர் பாராட்டி அனுப்பினார்.

வீட்டில் மனைவி காதில் ஃபோன் கருவியை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர்களின் அழைப்புகளைப் பெரும்பாலும் எடுப்பது அவர்தான். கம்பெனி என்பது இவர்கள் இருவர்.

"தங்கச்சி கூப்பிட்டா," என்றார் மனைவி.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. அவர் மணியடிச்சாராம்."

"நான் அங்கதான இருந்தேன்."

"தெரியும். வீடியோ அனுப்பியிருந்தா. அத்தானுக்கு வயித்துவலியான்னு கேட்டா. நீங்க ஏங்க அப்படி மூஞ்சிய வச்சிட்டு நிக்கறீங்க?"

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"அவங்க வீட்டுல மாடிப்படியக் கண்ணாடியில போடறாங்களாம். போடட்டும். எனக்கென்ன பொறாமையா? கண்ணாடி வழுக்கும். அதை நான் ஏன் போய்ச் சொல்லணும்?" குழாயை வேகமாகத் திருகி மூடினார். "ஆமா, நமக்கு மட்டும் ஏன் மணியடிக்க விடமாட்டேங்கறாங்க?"

பல்லுக்காரருக்கு அந்தக் கேள்வியை மனைவி இத்தனை சாதாரணமாகக் கேட்டதுதான் உறுத்தியது. மாமனார் வீட்டு முன்னறைச் சுவரில் சகலையின் படம் செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பல்லுக்காரரின் படமும் அந்தச் சுவரில் இருந்தது. கல்யாணப் படம். அதிலும் ஓரத்தில் சகலை சிரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அவர் கூடத்தின் வழிகாட்டியைப் பார்க்கப் போனார். வழிகாட்டி பெரிய மனிதர். அவர் தொடங்கி மூடிய கம்பெனிகளின் பெயர்கள் அவருடைய அட்டையில் படிப்புப் பட்டங்கள் மாதிரி வரிசையாக இருக்கும். பல்லுக்காரர் தன் கணக்குப் படங்களைத் திரையில் காட்டினார். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எதுங்க?"

"இந்த லாபம்."

"ரெண்டு வருஷமா இருக்குங்க. அதுக்கு முன்னாடி லேசா வந்து வந்து போகும்."

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும் நீங்க," என்றார் வழிகாட்டி. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குரல் இளகியிருந்தது. "வீட்டுல தெரியுமா?"

"மனைவிதான் கணக்கே பாக்கறாங்க."

"பாவம். பாருங்க, பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. சரிபண்ணிடலாம். லாபங்கறது என்ன? இதுக்குமேல வளர இடமில்லன்னு கம்பெனி தானாவே ஒத்துக்கறது. நஷ்டம்னா என்ன? பசி. முதலீட்டாளர் பசிக்கறவனுக்குத்தான் சோறு போடுவார். நீங்க ஏப்பம் விட்டுக்கிட்டே தட்டு முன்னாடி வந்து உக்காந்தா அவர் கரண்டிய எப்படித் தூக்குவார்?"

இப்படிச் சொன்னபோது அது நியாயமாகத்தான் பட்டது. சகலை ஒருநாள்கூட ஏப்பம் விட்டதில்லை.

"முதல்ல கட்டணத்தை எடுத்துடுங்க. எல்லாருக்கும் இலவசம்," என்றார் வழிகாட்டி. "அப்புறம் இந்தப் பல்லு. பல்லு ரொம்பச் சின்னது."

"வாய்னு போடலாங்களா?"

"வாய்..." வழிகாட்டி கூரைக் குழாய்களைப் பார்த்தார். "வாய் பரவாயில்ல. ஆனா வாய்க்கு வெளியிலயும் மனுஷன் இருக்கானே. உங்க ஆப் என்ன பண்ணுது? ஞாபகப்படுத்துது. அப்ப எதிரி யாரு? மறதி. பல்லைப் பிடுங்கிட்டு மறதியப் பிடிங்க."

மாலைக்குள் கம்பெனியின் பெயர்ப்பலகை வாசகம் முடிவாகிவிட்டது. மனித குலத்தின் மறதிக்கு எதிரான மேடை.

"இது என்ன செய்யுங்க?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

"அதை முதலீடு வந்தப்புறம் பாத்துக்கலாம். இப்பவே செய்யுதுன்னு சொன்னா, எங்க, செஞ்சு காட்டுன்னுவாங்க."

இனிமேல் எல்லாம் இலவசம் என்று டாக்டர்களுக்குச் செய்தி போயிற்று. மனைவிக்கு அன்று முழுக்க ஃபோனைக் கீழே வைக்க முடியவில்லை. கம்பெனியை மூடப்போகிறீர்களா என்றார் ஒருவர். என் நோயாளிகளின் விவரத்தை யாருக்கு விற்கிறீர்கள் என்றார் இன்னொருவர். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு பெண் டாக்டர் வருத்தப்பட்டார். சில வாரங்களில் எல்லோரும் பயந்துபோய், கட்டணம் வாங்குகிற வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள்.

"நல்ல வேகம்," என்றார் வழிகாட்டி, வருமானப் படத்தில் சரிகிற கோட்டைப் பார்த்து. "நான் எதிர்பார்த்ததைவிட நல்ல வேகம்."

ஒரே ஒரு டாக்டர் மட்டும் போகவில்லை. இலவசத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. எழுதுபொருள் கடைக்கு மேலே ஒரே நாற்காலி போட்டு மருத்துவம் பார்க்கிறவர். ஓய்வு பெறுகிற வயது தாண்டியும் ஓய்வு பெறாதவர். பல்லுக்காரர் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். டாக்டர் அந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஓசி வேணாம்."

"எல்லாருக்குமே அப்படித்தான் டாக்டர்."

"காசு குடுத்தாத்தான் நான் உன்னைத் திட்ட முடியும். ஓசியில வாங்கிட்டு யாரைப் போய்த் திட்டறது? போன வாரம் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ மெசேஜ் அனுப்பியிருக்க. ரெண்டு பல்லு புடுங்கப்போறேன்னு நினைச்சு அந்த ஆளு வரவே இல்ல."

"சரிபண்றோம் டாக்டர். ஆனா இனிமே நாங்க மனித குலத்தின் மறதிக்கு எதிரா..."

"என் பேஷன்ட் மறக்காம வந்தா போதும். மனித குலம் வந்து உக்கார இங்க நாற்காலி இல்ல." டாக்டர் நிமிர்ந்தார். "துப்புங்க," என்றார். நாற்காலியில் இருந்தவரிடம்தான் சொன்னார். ஆனாலும் பல்லுக்காரர் உடனே கிளம்பிவிட்டார்.

ஒருவரால் என்ன ஆகிவிடப்போகிறது என்று வழிகாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

முதலீட்டுக் குழு கூடத்தின் பெரிய கண்ணாடி அறையில் கூடியது. தலைவர் நடுவில். இருபுறமும் உறுப்பினர்கள். வெற்றிபெற்ற நிறுவனர்களின் பிரதிநிதியாக ஓரத்தில் சகலை. பல்லுக்காரரைப் பார்த்துத் தெரியாதவர்போல் தலையசைத்தார். வழக்கமாகச் சிரிப்பார். இந்தத் தலையசைப்பு அதைவிட வலித்தது.

திரையில் காட்டவேண்டிய படங்கள் எல்லாம் பல்லுக்காரரின் ஃபோனில் இருந்தன. அதை அறையின் திரையோடும் ஒலிபெருக்கிகளோடும் இணைத்தார்கள்.

"பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் தலைவர். "நாங்க கம்பெனியில பணம் போடறதில்ல. கனவுலதான் போடறோம். உங்க ப்ராடக்ட் வேலை செய்யுதா?"

"கொஞ்சங்க."

"எவ்வளவு கொஞ்சம்?"

"சில சமயம் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை போயிடும்."

தலைவரின் முகம் தெளிந்தது. "நல்லது. சொல்லுங்க."

பல்லுக்காரர் பயிற்சி எடுத்தபடியே பேசினார். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிறுத்தி, தூரத்தில் எதையோ பார்த்தார். மனித குலம் எங்கே சாவியை வைத்தோம் என்று மறந்தது, பிறகு தான் யார் என்பதையே மறந்தது என்றார். உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரிகிற கோடு திரையில் வந்தது. "எங்களைக் கட்டிப்போட்ட எல்லாத்தையும் உதறிட்டோம்," என்று சொல்லிவிட்டு, சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்த அளவுக்கு நிறுத்தினார்.

அந்த அமைதியில்தான் நான்கு ஒலிபெருக்கிகளும் ஒன்றாகப் பேசின.

"என்னங்க, டாக்டர்கிட்டேருந்து பணம் வந்துருச்சு."

மனைவியின் குரல். பணம் வந்ததைக் கணவர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார் என்று மனைவியே அவர் ஃபோனில் பதிந்து வைத்திருந்த அறிவிப்பு. பின்னணியில் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கேட்டது.

யாரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் தன் தண்ணீர்க் கோப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"வருமானங்க."

"யாரு குடுத்தது?"

"ஒரு டாக்டர்."

"எதுக்குக் குடுத்தார்?"

"வேலை செஞ்சதுக்குங்க."

வழிகாட்டி தரையைப் பார்த்தார். பத்தியத்தை மீறித் தின்றுவிட்டு வந்த நோயாளியின் வைத்தியர் அப்படித்தான் பார்ப்பார்.

"உங்க மேல நம்பிக்கை வச்சு வந்தோம்," என்றார் தலைவர். கோபம் இல்லை. காயம்பட்ட குரல். "இந்த அறையில இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. நான் எத்தனையோ வருஷமா முதலீடு பண்றேன். நான் போட்ட எந்தக் கம்பெனியிலேருந்தும் ஒத்தைக் காசு திரும்பி வந்ததில்ல. அப்படி ஒரு ஒழுக்கத்தோட இருந்ததாலதான் என்னை நம்பி இன்னும் பெரிய பணத்தைக் குடுக்கறாங்க. நீங்க ஒரு டாக்டர்கிட்ட கை நீட்டிட்டு இங்க வந்து நிக்கறீங்க."

பல்லுக்காரர் மன்னிப்புக் கேட்டார். அது ஒரே ஒருவர்தான், வயதானவர், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார் என்று விளக்கினார். யாரும் கேட்கவில்லை. ஃபோனைக் கழற்றும்போது தற்செயலாக ஓரத்தில் பார்த்தார். சகலை ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் பல்லுக்காரருக்கு நன்றாகத் தெரிந்த முகம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சகலை அவரைப் பிடித்தார்.

"சகல, அந்தச் சத்தம் மறுபடி எப்ப வரும்?"

"அடுத்த மாசம் வரும். ஏன், அதையும் கேட்டுச் சிரிக்கணுமா?"

"சிரிக்கலங்க." சகலை சுற்றும்முற்றும் பார்த்தார். "எனக்கு ஒரு கஸ்டமர் வேணும். ஒண்ணே ஒண்ணு."

"உங்களுக்கு எதுக்கு? மூணு தடவை மணியடிச்சாச்சு."

"அடிச்சேன். எல்லாரும் தட்டினாங்க. தட்டாட்டி மார்க் குறைச்சுடுவாங்க. அதுல யாரு மனசாரத் தட்டறான்னு எனக்குத் தெரியாதா? நீங்க தட்டற லட்சணத்தை நான் மேடையிலேருந்து பாக்கலன்னா நினைக்கறீங்க?"

பல்லுக்காரர் தண்ணீர் பிடிக்கப் போனார். காகிதக் கோப்பைகள் தீர்ந்திருந்தன.

"இன்னிக்கு வரைக்கும் ஒரு மனுஷன், இந்தாப்பா நீ செஞ்ச வேலைக்குன்னு எனக்குக் காசு நீட்டினதில்ல," என்றார் சகலை. "மாமா வேற."

"மாமாவுக்கு என்ன? உங்க படத்தச் சுவத்துல மாட்டி வச்சிருக்கார்."

"மாட்டிட்டுத்தான் கேக்கறார், 'மாப்பிள்ளை, யாரு வாங்கறாங்க?'ன்னு. டயர் கடை நடத்தின மனுஷன், அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும். சாப்பிடறப்ப உங்களுக்கு டாக்டருங்க ஃபோன் பண்ணா டிவி சத்தத்தக் குறைக்கறார். எனக்காக ஒரு நாள் குறைச்சிருப்பாரா?"

மாமனார் சத்தத்தைக் குறைப்பது பல்லுக்காரருக்கும் தெரியும். மாப்பிள்ளை யாரிடம் திட்டு வாங்குகிறார் என்று காதுகொடுத்துக் கேட்பதற்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போதும் சகலை சொன்னதை அவர் நம்பவில்லை. பேரம் பேச வருகிறவர் முதலில் பொருளைப் புகழ்வது வழக்கம்தானே.

"அந்த டாக்டரைக் குடுத்தா எனக்கு என்ன?" என்றார்.

"உங்ககிட்ட வருமானமே இருக்காது. குழுவுல நான் பேசறேன்."

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. மணி வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆனால் இதற்கு ஒப்பவில்லை.

"டாக்டரத் தூக்கி என் தங்கச்சி வீட்டுக்குக் குடுக்கப்போறீங்களா?"

"ஒருத்தர்தானே."

"இருக்கறதே ஒருத்தர்தானே. காலையில அவர் ஃபோன் பண்ணிக் கத்தலைன்னா எனக்குப் பொழுதே விடிஞ்ச மாதிரி இருக்காது."

"கண்ணாடிப் படி வேணாமா உனக்கு?"

மனைவி காதுக் கருவியைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, மேசைமேல் வைத்தார்.

ஆப்பும் டாக்டரும் சகலைக்குப் போனார்கள். டாக்டரிடம் நம்பர் மாறுகிறது என்று மட்டும் சொன்னார்கள். எடுக்கிறவன் எடுத்தால் சரி என்றார் அவர். பல்லுக்காரரிடம் மனித குலத்தின் மறதி மட்டும் மிஞ்சியது. குழு மறுபடி கூடியது. சகலை எழுந்து, இவர் தன் கடைசி வாடிக்கையாளரையும் தியாகம் செய்தவர் என்றார். தலைவர் வந்து பல்லுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "திருந்தி வந்தவங்க மேல எனக்கு எப்பவுமே ஒரு தனி மரியாதை உண்டு," என்றார்.

பல்லுக்காரர் மணியடித்தார். கயிறு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கூடம் உருண்டு எழுந்து தட்டியது. அவர் மேடையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாசனை அனுப்புகிற ஆப் செய்பவருக்குக் கன்னம் துடித்தது. வீட்டுச் செடிகளுக்கு நண்பர்கள் தேடித்தரும் ஆப் செய்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். இதற்காகத்தான் இத்தனை பாடும் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு சகலையைப் பார்த்தார். சகலை தட்டினார். கண்ணும் சேர்ந்து தட்டியது. அதில் துளி வருத்தம் இல்லை. மகிழ்ச்சி அலுவலர் அவருக்கு முழு மதிப்பெண் போடுவது மேடையிலிருந்தே தெரிந்தது.

இவனுக்கு என்ன வந்தது என்று பல்லுக்காரருக்கு அன்று முழுக்கப் பிடிபடவில்லை.

அது மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் பிடிபட்டது. விடுமுறை நாள். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் ஏதோ பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. சகலையின் ஃபோன் அடித்தது. அவர் சோற்றுக் கையோடு துள்ளி எழுந்தார்.

"டாக்டர்," என்றார் பொதுவாக. பால்கனிக்குப் போனார்.

மாமனார் சத்தத்தைக் குறைத்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர்," என்பது உள்ளே தெளிவாகக் கேட்டது. "ஆமா டாக்டர். முட்டாள்தனம்தான் டாக்டர். இப்பவே பாக்கறேன்."

"நேத்து குளிக்கப் போறப்ப என்னைக் கதவுக்கு வெளியில ஃபோனோட நிக்க வச்சிட்டுப் போனாருக்கா," என்றாள் தங்கை. சலித்துக்கொள்வதுபோல் சொன்னாலும் முகம் பூரித்திருந்தது. மனைவி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சகலை திரும்பி வந்தார். கண்ணாடிப் படியும் மூன்று மணிகளும் கொடுக்காத ஒரு ஒளி முகத்தில் இருந்தது. "செமத்தியா திட்டிட்டார்," என்றார். மாமனார் அவர் தட்டில் தானே இன்னொரு கரண்டி வைத்தார். பிறகு பல்லுக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ஃபோன் எதுவும் வரலியா மாப்பிள்ளை?"

"இப்ப ஃபண்டிங் வந்திருக்கு மாமா."

"சொன்னாங்க. சந்தோஷம்." மாமனார் கொஞ்சம் காத்திருந்தார். "ஃபோன்?"

மாமியாரும் கரண்டியோடு நின்று அவரையே பார்த்தார். பல்லுக்காரர் இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"வந்துக்கிட்டேதான் இருக்கு மாமா. சத்தமில்லாம வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். பால்கனிக்குப் போய் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். கீழே தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் இப்படி நின்றுவிட்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தார்.

அவரை யாரும் கூப்பிட வழியில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் மனைவி ஒருவர்தான். அந்த ஒருவரின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"அப்பா, சத்தத்தக் குறைங்க. அவர் பேசறார்ல."

தொலைக்காட்சி அடங்கியது. இப்போது பேசாமல் இருக்க முடியாது.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் பல்லுக்காரர். தொண்டையைச் செருமினார். "ஆமா டாக்டர். தப்பு எங்க மேலதான். இல்லல்ல, நீங்க சொல்றதுதான் சரி."

உள்ளே ஒரு கரண்டிகூட அசையவில்லை. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சகலையின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. இன்னொரு கை மேசைக்கடியில் அவசரமாகத் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தது, தன் டாக்டர்தானா அது என்று. பிறகு தலையைத் தூக்கினார். முகம் சுருங்கி, காது மட்டும் நீண்டு, பால்கனிப் பக்கம் சாய்ந்தது.

பல்லுக்காரர் குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டார், அவர்கள் கொஞ்சம் முயன்று கேட்க வேண்டும் என்பதற்காக.

"நீங்க மட்டும் இல்லீங்க," என்றார். "இன்னிக்குக் காலையிலேருந்து எல்லா டாக்டருங்களும் இதையேதான் திட்டறாங்க." நடுநடுவே எதிர்முனைக்கு இடம் விட்டு, அவர் இன்னும் வெகுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.